புள்ளி மாற்றும் பென்குயின்

ஏப்ரல் 18

விமானத்திலேயே எழுதத் தொடங்கியிருப்பேன். பைலட் என்னிடம் ஆளனுப்பிக்கொண்டே இருந்ததால் முடியவில்லை. சீட் பெல்ட் போடச் சொல்லித்தான் ஆளனுப்பினார் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

நான் இஞ்ஞாசி மச்சாது. ஊர் புன்னைக்காயல். எட்டாம் வகுப்பு பாஸ். அதற்கு மேல் என் அறிவுக்கு அந்தப் பள்ளிக்கூடம் போதவில்லை என்று நானே விலகிக்கொண்டேன். மீன்பிடித் தடைக்காலம் தொடங்கி விசைப்படகெல்லாம் கட்டிக்கிடக்கிறது. இரண்டு மாதம் வேலை கிடையாது. தென்னாப்பிரிக்க அரசாங்கம் பென்குயின் விஷயமாக என் ஆலோசனையைக் கேட்டிருக்கிறது என்று ஊரில் சொல்லிவிட்டு வந்தேன்.

கேட்டது என் அக்கா பிலோமி. "எலேய் இஞ்ஞாசி, மூணு வருசமாச்சு. அந்தப் பிள்ளய கையோட கூட்டிட்டு வா. மாப்பிள்ள ஜூன்ல மஸ்கட்டுல இருந்து வாரான்." பிள்ளை என்றால் அவள் மகள் ஜெனோவா. பறவைப் படிப்பு படித்துவிட்டு இங்கே வேலை பார்க்கிறாள். அக்கா எனக்குப் போக ஒரு டிக்கெட்டும் வர இரண்டு டிக்கெட்டும் எடுத்துக் கொடுத்திருக்கிறாள். திரும்புவது ஜூன் பதின்மூன்று. ஒரு வாரத்தில் பேசி முடித்துவிடுவேன். நான் பேசி மசியாத ஆள் கிடையாது.

பனி தேசம் என்பதால் குரங்குக் குல்லாய், மப்ளர், இரண்டு ஸ்வெட்டர் எல்லாம் மாட்டிக்கொண்டுதான் இறங்கினேன். வெளியே நம் ஊர் பங்குனி வெயில். ஜெனோ என்னைப் பார்த்து அப்படியே நின்றாள்.

"மாமா, இது என்ன கோலம்?"

"பனிக்கு."

"பனி வேணும்னா இங்க இருந்து இன்னும் தெக்க கப்பல்ல போணும். இந்தப் பென்குயின் வெயில்ல குடியிருக்குற சாதி."

எனக்குத் தெரியும், உன்னைச் சோதித்தேன் என்றேன். வேர்வையில் மப்ளர் கழுத்தோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. இரண்டு பேர் சேர்ந்துதான் உரிக்க வேண்டியிருந்தது.

ஏப்ரல் 21

இடத்தின் பெயர் கிளிப்ஹுக். கடலுக்குள் மூக்கு நீட்டிய பாறை. பக்கத்து ஊருக்குப் போகவே ஜீப்பில் ஒரு மணி நேரம். நிலப்பக்கம் சிறுத்தை வராமலிருக்கக் கம்பி வேலி போட்டிருக்கிறார்கள். வேலிக்கு உள்ளே பாறைமேல் முப்பது நாற்பது பென்குயின்கள் நின்றுகொண்டிருந்தன. நான் கை ஆட்டினேன். ஒன்றும் அசையவில்லை. கிட்டப் போனால் எல்லாம் சிமெண்ட்.

நடுவில் ஒரு கம்பத்தில் ஸ்பீக்கர். அதிலிருந்து கழுதை கத்துகிறது. பென்குயின் சத்தமே அதுதானாம்.

ஜெனோ விளக்கினாள். என் அளவுக்கு விளக்க வராது, ஆனாலும் பரவாயில்லை. "சாளையும் நெத்திலியும் கெழக்க நகந்துட்டு மாமா. பென்குயின் ஊரெல்லாம் மேக்க கெடக்கு. இது எங்க எறக மாத்திக் கடல்ல மொதல்ல எறங்குதோ, அந்தக் கரைக்கேதான் முட்ட போடத் திரும்பி வரும். அங்ஙன மீனு இல்ல, இருக்குறதையும் பெரிய வலைக்காரன் அள்ளிருதான். பட்டினி கெடந்து சாவுது. இந்தப் பக்கம் மீனு இருக்கு, குடி இல்ல."

"அதுக்கு சிமெண்டா?"

"இது கூட்டமா வாழுற பறவை. ஆளில்லாத கரையில எறங்காது. இங்க ஏற்கெனவே ஒரு ஊரு இருக்குன்னு நெனச்சு ஒண்ணு வந்து முட்ட போட்டுட்டா போதும். மத்ததெல்லாம் தன்னால வரும்."

மூன்று வருடமாக ஒன்றும் வரவில்லை. இந்தப் பருவத்தில் ஒரு முட்டையாவது விழவில்லை என்றால், பணம் போடுகிற டிரஸ்ட் ஜூன் நடுவில் வேலியைக் கழற்றிக்கொண்டு போய்விடும். ஜெனோவின் வேலையும் அதோடு சரி.

எனக்கு நிம்மதியாக இருந்தது. வேலை போனால் அவளே பெட்டி கட்டுவாள். நான் வாயைத் திறக்கக்கூட வேண்டியதில்லை.

ஏப்ரல் 24

வேலிக் காவலுக்கு ஒரு கிழவர் இருக்கிறார். பழைய மீன்பிடிக்காரர், கெரிட். இங்கே எல்லாரும் அவரை ஊம் கெரிட் என்கிறார்கள். ஊம் என்றால் மாமாவாம். ஆக இங்கே மாமா இரண்டு பேர். எனக்கு அவர் பாஷை தெரியாது, அவருக்கு என் பாஷை தெரியாது. இன்று மதியம் முழுக்கப் பேசிக்கொண்டிருந்தோம். நான் பிடித்த சுறாவைப் பற்றிச் சொன்னேன். அவரும் கையை விரித்து ஒன்றைக் காட்டினார். நான் இன்னும் கொஞ்சம் விரித்தேன். அவர் எழுந்து நின்று விரித்தார். நல்ல மனிதர். ஆனால் பொய் சொல்லுவார்.

ஏப்ரல் 27

சிமெண்ட் பென்குயின்கள் வெளுத்துப்போய்ப் பார்க்கச் சகிக்கவில்லை. நம் ஊரில் தடைக்காலத்தில் படகுக்குப் பெயிண்ட் அடிக்காமல் விடுவோமா? கெரிட் வீட்டில் படகு பெயிண்ட் மிச்சம் இருந்தது. ஜெனோ ஊருக்குள் போயிருந்த நேரம் பார்த்து உட்கார்ந்துவிட்டேன். கண்ணுக்கு மை, கழுத்துக்கு நீல மாலை, நெஞ்சில் எடுப்பாக இரண்டு கறுப்புப் பட்டை. படகுக்குப் பெயர் எழுதுகிற மாதிரி ஒவ்வொன்றின் முதுகிலும் பெயர் எழுதினேன். புனித அந்தோணியார் துணை, ஆரோக்கிய அன்னை, சகாய மாதா, பிலோமி.

ஜெனோ ஜீப்பை விட்டு இறங்கி ஒவ்வொன்றாகச் சுற்றிவந்து பார்த்தாள்.

"மாமா, இது பென்குயினா? சப்பரமா?"

"கண்ணுல படணும்லா?"

"நெஞ்சுல ஒத்தப் பட்டைதான் மாமா இருக்கணும். ரெண்டு பட்டை போட்டா அது தென் அமெரிக்காக்காரன். இங்க வார பென்குயின் அத்தனையும் நம்ம ஊரு இல்லன்னு திரும்பிப் போயிரும்."

இரண்டு நாளாகத் திரும்ப வெள்ளையடிக்கிறோம். வெள்ளை தீர்ந்துபோய் ஒன்று மட்டும் நீல மாலையும் இரண்டு பட்டையுமாக நிற்கிறது. அது பிலோமி.

மே 2

இன்று மாப்பிள்ளை விஷயத்தைச் சொல்லிவிடலாம் என்றிருந்தேன். சாளைக் குழம்பு நன்றாக அமைந்துவிட்டது. சாப்பிடுகிற பிள்ளையிடம் எதற்கு.

மே 5

குரங்குப் பட்டாளம். இந்த ஊர்க் குரங்குக்கு நாய் மூஞ்சி, நாய்ப் பல். வேலி ஏறிக் குதித்து ஸ்பீக்கரைப் பிய்த்து, வயரைக் கடித்து, கேமராவைக் கடலில் எறிந்துவிட்டுப் போயிருக்கின்றன. நான் ஒண்டியாக நின்று பதினைந்து குரங்கை விரட்டினேன். நான் போனபோது அவை போய்விட்டிருந்தன என்பது வேறு விஷயம். என் வாசனை பட்டுத்தான் போயிருக்கும்.

புது ஸ்பீக்கர் வர ஒரு மாதத்துக்கு மேல் ஆகுமாம். அதற்குள் பருவமே முடிந்துவிடும்.

ஜெனோ கம்பத்தடியில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்தாள். மண் விழுந்துவிட்டது என்றாள். இன்று காற்றே இல்லை.

சரி, நல்லதுதானே. நான் வந்த காரியம் பாதி முடிந்த மாதிரி.

மே 6

இது நம் ஊரில் எல்லாருக்கும் தெரியும், எழுதத் தேவையில்லை. இருந்தாலும் எழுதுகிறேன். ஏசுவின் பாடுகளை நடிக்கிற எங்கள் ஊர்ப் பாஸ்கா நாடகத்தில், சீடர் இராயப்பர் ஆண்டவரைத் தெரியாதென்று மறுதலிக்கும்போது திரைக்குப் பின்னாலிருந்து சேவல் கூவ வேண்டும். இருபது வருடமாக அந்தச் சேவல் நான்தான். இராயப்பர் எத்தனையோ பேர் மாறிவிட்டார்கள். சேவல் மாறவில்லை. ஒரு வருடம் நான் கூவியதைக் கேட்டு ஊர்ச் சேவலெல்லாம் சேர்ந்து கூவி, விடிந்துவிட்டதென்று சாமியார் பூசைக்கு மணியடித்துவிட்டார்.

சேவல் வருகிறவனுக்குக் கழுதை வராதா?

சாயங்காலம் கம்பத்தடியில் போய் நின்று தொண்டையைச் செருமி ஒன்று விட்டேன். கெரிட் வேலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்ததில் வாயிலிருந்த சுருட்டு விழுந்துவிட்டது. ஜெனோ சிரிக்கவில்லை. தலையைச் சாய்த்துக் கேட்டாள்.

"மாமா, நீட்டுறதுக்கு முன்னால மூச்ச உள்ள இழுங்க. இழுக்கும்போதும் சத்தம் வரணும். ஜோடி தேடுத பறவை அப்பிடித்தான் கத்தும்."

இழுத்தேன். கெரிட் சிரிப்பதை நிறுத்திவிட்டார்.

எதற்காகச் செய்தேன் என்று கேட்டால், குரங்கு ஜெயித்த மாதிரி ஆகிவிடக் கூடாது. அவ்வளவுதான். மற்றபடி நான் அக்கா பக்கம்.

மே 9

காலையும் மாலையும் கத்துகிறேன். தொண்டைக்கு மிளகுப் பால். ஜெனோ போட்டுத் தருகிறாள்.

அக்கா போன் செய்தாள். "சொல்லிட்டியாலே?" பேச்சு நடந்துகொண்டிருக்கிறது என்றேன். "குரல் ஏன் இப்பிடி கெடக்கு?" பிள்ளைக்குப் புத்தி சொல்லிச் சொல்லித்தான் என்றேன்.

மே 14

வந்துவிட்டது.

காலையில் நான் இரண்டாவது தடவை இழுக்கும்போது தண்ணீரிலிருந்து ஒரு கறுப்புத் தலை. அலை அதைப் பாறைமேல் கொண்டுவந்து போட்டது. எழுந்து உதறிக்கொண்டு, குட்டிக் கால்களால் தத்தித் தத்தி ஏறி வந்து, அத்தனை ஒழுங்கான சிமெண்ட் பென்குயின்களையும் விட்டுவிட்டு நேராகப் பிலோமி பக்கத்தில் போய் நின்றது. நீல மாலை. நான் சொன்னேனே.

பறவை பார்க்கக் கட்டிய மறைவுக் குடிலுக்குள் நான் ஊர்ந்து வந்து சேர்ந்ததும் ஜெனோ என் கையைப் பிடித்துக்கொண்டாள். நகம் பதிந்துவிட்டது. நான் வலிக்கிறதென்று சொல்லவில்லை.

நூறு அடி தூரத்திலிருந்து என் குரல் கேட்டு வந்தது என்று எழுதினால் சாதாரணமாக இருக்கும். கடலில் நாற்பது மைல்.

மே 15

பென்குயினின் தோலுக்கடியில் அரிசி அளவு சில்லு ஒன்று வைத்துவிடுகிறார்களாம். பறவை பாதையைக் கடக்கும்போது தரையில் புதைத்த கம்பி அதன் எண்ணைப் படித்துவிடும். குரங்கு அதை மட்டும் விட்டுவைத்திருந்தது. ஜெனோ எண்ணைப் பார்த்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

மேற்கே ஏதோ ஒரு தீவில் தாய் தகப்பன் பட்டினியில் விட்டுப்போன முட்டையாம். இன்குபேட்டரில் பொரித்து, மீன் கூழ் ஊட்டி வளர்த்து, இறகு மாறியதும் மூன்று வருடத்துக்கு முன்னால் இதே பாறையிலிருந்து கடலுக்குள் விட்டார்களாம். ஊட்டியதும் விட்டதும் ஜெனோ.

"நான் இவனுக்கு ஸ்பூன்ல ஊட்டிருக்கேன் மாமா. இந்த வெரலக் கடிச்சுக் காயம் பண்ணுவான்."

எனக்கு அதெல்லாம் விவரம் புரியாது. என் குரலைக் கேட்டுத்தான் வந்தது. அது யாராக இருந்தால் என்ன.

மே 17

படித்தவளோடு இருந்தால் நாலு விஷயம் தெரிந்துகொள்ளலாம், அவளும் என்னிடம் தெரிந்துகொள்வாள். கண்ணுக்கு மேலே இந்தப் பறவைக்கு முடியில்லாத ரோஸ் தோல். வெயில் ஏற ஏற இரத்தம் அங்கே ஓடி ரோஸ் கூடும், சூடு வெளியே போகும். நாய் மாதிரி வாயைத் திறந்து மூச்சும் வாங்கும். முன்னாளில் பறவை எச்சம் ஆள் உயரத்துக்கு மெத்தை போலக் கிடந்ததாம். அதைத் தோண்டிக் குளிர்ச்சியாகப் பொந்து செய்து முட்டையிடும். வெள்ளைக்காரன் அத்தனையையும் உரத்துக்குச் சுரண்டிக்கொண்டு போய்விட்டான். இப்போது வெட்ட வெளியில் முட்டை வெந்துபோகிறது, அல்லது வெயில் தாங்காமல் பறவை எழுந்து கடலுக்கு ஓடிவிடுகிறது. அதற்குத்தான் கவிழ்த்த பானை மாதிரி வெள்ளைக் கூடுகள் வைத்திருக்கிறார்கள். நாங்கள் வைத்திருக்கிறோம்.

ஒவ்வொரு பறவைக்கும் நெஞ்சில் கறுப்புப் புள்ளிகள் உண்டு. நம் கைரேகை மாதிரி, ஒன்றுக்கு இருப்பது இன்னொன்றுக்கு இருக்காது, சாகும்வரை மாறாது என்றாள்.

பக்கத்தில் போகக் கூடாதென்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறாள். ஆள் வாடை பட்டால் போய்விடுமாம். அவளே குடிலைத் தாண்டுவதில்லை. நான் கம்பத்தடியில் நின்று கத்த வேண்டியவன், என்னால் எப்படி முடியும்?

மே 22

விஞ்ஞானத்தைத் தோற்கடித்துவிட்டேன்.

நம் பறவைக்கு நேற்று மாலை நெஞ்சில் ஏழு புள்ளி. இடப்பக்கம் கொத்தாக. இன்று காலை நாலு புள்ளி, வயிற்றுக்குக் கிட்டே. கடலில் கிடந்து கிடந்து உப்புத் தண்ணீரில் புள்ளி நகர்கிறது. ஓடிப்போய் ஜெனோவிடம் சொன்னேன்.

"மாமா, புள்ளி மாறாது."

"இது மாத்துது. நான் என் கண்ணால பாத்தேன்."

"நீங்க பிடிச்ச சுறாவும் ஒவ்வொரு தடவ சொல்லும்போது ஒரு அடி வளருதுல்லா?"

"அது சுறா. இது வேற."

"சரி மாமா. புள்ளி மாத்துற பென்குயின். பால் குடிங்க."

இவளுக்கு என் கண் மேல் நம்பிக்கை இல்லை. குடிலிலிருந்து பார்த்தால் எல்லாப் பென்குயினும் ஒரே மாதிரி ஒரு கறுப்புக் குச்சி. கம்பத்தடியில் நிற்பவன் நான்.

மே 26

புள்ளி: காலையில் ஏழு, மாலையில் நாலு. சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பாள்.

மே 29

டிரஸ்டிலிருந்து பெரிய அம்மாள் வந்தார். டாக்டர் மரீட்டா. வெயில் கண்ணாடி, நல்ல செருப்பு. குடிலில் உட்கார்ந்து பார்த்தார். பறவை பிலோமி பக்கத்தில் நின்று இறகு கோதியது. அந்த நேரம் பார்த்து நான் கத்த வேண்டியிருந்தது. அவர் கையிலிருந்த காபி சிந்திவிட்டது.

பேசியதெல்லாம் இங்கிலீஷ். முடிவு மட்டும் எனக்குப் புரிந்தது, ஏனென்றால் ஜெனோவின் கழுத்து விறைத்தது. ஒரு பறவை குடி ஆகாது. ஜோடி இல்லை, கூடு இல்லை, முட்டை இல்லை. மேற்கே இருக்கிற கூட்டம் வருடத்துக்கு வருடம் கரைகிறது, இருக்கிற காசை அங்கேதான் போட வேண்டும். பத்தாம் தேதி லாரி வரும், வேலி போகும். அந்த அம்மாள் கெட்டவர் இல்லை. சொல்லும்போது கண்ணாடியைக் கழற்றினார்.

ஜெனோ தமிழில் சொன்னாள், என்னைப் பார்த்து, ஆனால் அவருக்கு: "வேலிய எடுத்தா முள்ளு வெட்டி அடைப்பேன். சம்பளம் இல்லன்னா சும்மா இருப்பேன். சிறுத்தை வந்தா மொதல்ல என்னத் தாண்டட்டும்."

"என்ன சொல்கிறாள்?" என்று அம்மாள் என்னிடம் கேட்டது புரிந்தது. நன்றி சொல்கிறாள் என்றேன்.

மே 31

அக்கா போன். மாப்பிள்ளை ஆறாம் தேதி வந்துவிடுவானாம். "அவ வேல பத்தாந்தேதியோட முடியுதுன்னு கேள்விப்பட்டேன். மாதா நம்ம பக்கம்லே இஞ்ஞாசி." அக்காவுக்கு யார் சொன்னது என்று யோசித்தேன். நேற்று போனில் நான்தான் உளறியிருக்கிறேன்.

சந்தோஷப்பட வேண்டியவன் நான். இராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. சாளையில் முள் அதிகம்.

ஜூன் 3

சாப்பிடும்போது ஜெனோ கேட்டாள். "மாமா, அம்மா உங்கள எதுக்கு அனுப்பிச்சான்னு எனக்குத் தெரியாதுன்னா நெனச்சிய?"

நான் மீனைப் பிரித்துக்கொண்டிருந்தேன்.

"திரும்பிப் போக ரெண்டு டிக்கெட்டுன்னு வந்த அன்னிக்கே தெரியும். விமானத்துக்காரன் எனக்கும் மெசேஜ் அனுப்பிட்டான்."

"அப்ப ஏன் கேக்கல?"

"நீங்க எப்பச் சொல்லுவியன்னு பாத்தேன்."

"நாளைக்குச் சொல்லலாம்னு இருந்தேன்."

"சொல்லாண்டாம். மாப்பிள்ள நல்லவராத்தான் இருப்பாரு. போட்டாவுல முழி நல்லாருக்கு. எனக்கு இங்க வேல இருக்கு மாமா."

வேலைதான் பத்தாம் தேதியோடு போகிறதே என்று சொல்ல வாயெடுத்தேன். வெளியே பறவை தானாகவே கத்தியது. நான் கத்தாமல். வாயை மூடிக்கொண்டேன்.

ஜூன் 7

இரண்டு நாளாகப் பறவை பாறையில் நிற்கவில்லை. பிலோமிக்குப் பின்னால் இருக்கிற வெள்ளைக் கூட்டுக்குள் போய் உட்கார்ந்திருக்கிறது. குடிலிலிருந்து வால் நுனிகூடத் தெரியாது. போய்விட்டதென்று ஜெனோ நினைக்கிறாள். உள்ளே இருக்கிறது என்றேன். "நெசமாவா?" என்றாள். நிஜம்தான் என்றேன். அவள் முகத்தைப் பார்த்தால், ஆறுதலுக்குச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொண்ட மாதிரி இருந்தது. வாழ்நாள் முழுக்க நான் இத்தனை உண்மை பேசியதில்லை, ஒன்றுகூட விலைபோகவில்லை.

ஜூன் 10

நிதானமாக எழுதுகிறேன்.

காலையில் லாரி வந்தது. ஆறு பேர், கட்டர், ஏணி. கெரிட்டிடம் கதவுச் சாவி கேட்டார்கள். கெரிட் எல்லாப் பையையும் வெளியே இழுத்துக் காட்டினார். சுருட்டு, நூல், ஒரு பல். சாவி இல்லை. அவர் வாயை மூடியே வைத்திருந்தார். எந்தக் கேள்விக்கும் வாயைத் திறக்கவில்லை.

ஜெனோ கதவுக்கு முன்னால் நின்றாள். நான் அவள் பக்கத்தில் போய் நின்றேன். கங்காணி ஒரு பெரிய ஆள், மரியாதையாகத்தான் பேசினார். நான் அவருக்குத் தமிழில் பதில் சொன்னேன். சுறாக் கதை முழுவதும், பாஸ்காக் கதை முழுவதும், நடுவில் சேவலும் கூவிக் காட்டினேன். லாரியில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். கங்காணி மணி பார்த்தார்.

"மாமா, போதும்," என்றாள் ஜெனோ. "இனி ஆள் வாடை பட்டா என்ன, படாட்டி என்ன. நான் போய் ஒரு தடவ பாத்துட்டு வாரேன்."

சாவி கெரிட்டின் வாயிலிருந்து வந்தது. அவள் உள்ளே போனாள். கங்காணியும் பின்னால் போனார். நான் எப்போதும் போல முன்னால் போனேன்.

கூட்டுக்கு முன்னால் மண்டியிட்டுக் குனிந்தாள். உள்ளே ரோஸ் புருவம், வாயைத் திறந்து சீறியது. எழுந்திருக்கவில்லை. அந்தச் சமயம் பின்னால் கல்லில் சதக் சதக் என்று சத்தம். தண்ணீர் சொட்டச் சொட்ட இன்னொரு பென்குயின், எங்களை யாரென்றே கேட்காமல், என் காலுக்கும் கங்காணி காலுக்கும் நடுவில் புகுந்து கூட்டு வாசலில் போய் நின்று கழுதையாய்க் கத்தியது. உள்ளே இருந்ததும் கத்தியது. உள்ளே இருந்தது மெல்ல எழுந்தது.

கீழே முட்டை. நம் கோழி முட்டையை விடப் பெரிது, அழுக்கு வெள்ளை.

வெளியே நின்றதற்கு ஏழு புள்ளி. உள்ளே இருந்ததற்கு நாலு.

ஜெனோ திரும்பி என்னைப் பார்த்தாள். "மாறி மாறித்தான் வந்திருக்கு. ஒண்ணு கடலுக்குப் போனா ஒண்ணு கரையில. இதுக்குச் சில்லு இல்ல, அதான் கம்பி படிக்கல. மாமா, நீங்க சொன்னீங்க."

"ரெண்டு பறவன்னு அன்னைக்கே சொன்னேன்லா?"

இந்த டைரியில் மே மாதத்துப் பக்கத்தில் வேறு மாதிரி இருந்தால் அது பேனாவின் தவறு.

அழிந்துகொண்டிருக்கிற பறவை முட்டையில் உட்கார்ந்திருக்கும்போது அதைச் சுற்றி ஒரு கம்பியைக்கூடத் தொட முடியாது. இந்த நாட்டுச் சட்டம். கங்காணி அந்த இடத்திலேயே போன் போட்டார். டாக்டர் மரீட்டா முதலில் நம்பவில்லை. ஜெனோ போனைக் கூட்டுக்கு நேரே நீட்டினாள். இரண்டு கழுதையும் கத்தின. அந்தப் பக்கம் அம்மாள் இன்னொரு தடவை கேட்க வேண்டும் என்றார். அப்புறம் லாரியைத் திரும்ப அனுப்பச் சொன்னார். முட்டை பொரிந்து குஞ்சு கடலில் இறங்கும்வரை வேலி நிற்கும். அப்படி இறங்கினால் அடுத்த பருவமும்.

லாரி திரும்பும்போது ஒருத்தன் என்னைப் பார்த்துச் சேவல் மாதிரி கூவினான். சுமாராக இருந்தது. மூச்சு போதாது.

ஜூன் 11

இரண்டாவது முட்டை இன்னும் வரவில்லை. நாலு நாள் இடைவெளி விட்டுத்தான் போடுமாம். அதற்குள் நான் விமானத்தில் இருப்பேன். பொரிய நாற்பது நாள் ஆகும். வெயிலிருக்கிறது, மழையிருக்கிறது, குரங்கிருக்கிறது. ஜெனோ கூட்டுக்கு நிழல் தட்டி கட்டிக்கொண்டிருக்கிறாள். கெரிட்டிடம் குரங்குக் குல்லாயைக் கொடுத்துவிட்டேன். காதோடு சேர்த்து இழுத்துவிட்டுக்கொண்டு வேலியைச் சுற்றுகிறார். குரங்கு அவரைத் தன் இனமென்று நினைத்து வராமலிருக்கும்.

ஜூன் 12

அக்கா.

"பெட்டி கட்டியாச்சால?"

"எம்பெட்டி கட்டியாச்சு."

"அவ பெட்டி?"

"அவ வரல."

அவ்வளவுதான், வசவு மழை. நான் அவள் சோற்றைத் தின்றவன், அவள் முதுகில் குத்தியவன், ஒரு பெண் பிள்ளையைப் பேசி வழிக்குக் கொண்டுவரத் தெரியாத சொள்ளை. எல்லாவற்றுக்கும் ஊம் ஊம் என்றேன். ஊம் என்றால் இங்கே மாமா, அதை அவளிடம் சொல்லவில்லை. கடைசியில் அழுதாள். அதுதான் கஷ்டமாக இருந்தது.

"அவ எங்க பொறந்தா, எந்த மண்ணுல வளந்தா, எல்லாம் மறந்துட்டாளாலே? நீயாவது சொல்ல வேண்டாமா?"

"பொறந்த எடம் எனக்குத் தெரியும்க்கா. ஆசுபத்திரி வாசல்ல நான்தான் நின்னேன். கடல்ல எறங்குன எடம் இது. அவ இங்கதான் திரும்பி வருவா."

"என்னலே ஒளறுத?"

"ஒளறல. ஒரு நாள் வந்து பாரு. உன் பேருல ஒண்ணு நீல மாலை போட்டு நிக்கி. மொத பறவையே அதுகிட்டதான் வந்துச்சு."

போனை வைத்துவிட்டேன். அக்கா பேசும்போது நான் போனை வைத்தது இதுதான் முதல் தடவை. ஊரில் கேட்டால், அவளே வைத்துவிட்டாள் என்றுதான் சொல்லப்போகிறேன்.

ஜூன் 13

விமான நிலையம். ஜெனோ வாசல் வரைக்கும்தான் வந்தாள். பறவை மாறுகிற நேரத்துக்குத் திரும்பிவிட வேண்டும். ஒரு சின்ன மெஷினை என் வாய்க்கு நேரே நீட்டி, "புது ஸ்பீக்கருக்கு மாமா," என்றாள். வண்டிகளுக்கும் பெட்டிகளுக்கும் நடுவில் நின்று, மூச்சை உள்ளே இழுத்து, இழுக்கும்போதும் சத்தம் வருகிற மாதிரி, முழுசாக ஒன்று விட்டேன். போலீஸ்காரர் இரண்டு பேர் ஓடிவந்தார்கள். பத்துப் பேர் என்று எழுதலாம். இரண்டு பேர்தான்.

கவுன்ட்டரில் இருந்த பெண் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு இரண்டு விரலைக் காட்டினாள். இரண்டாவது ஆள் எங்கே என்கிறாள்.

"அவ அடைகாக்கா," என்றேன்.

அவளுக்குத் தமிழ் தெரியாது. இருந்தாலும் தலையாட்டிவிட்டு ஒரே ஒரு சீட்டை மட்டும் நீட்டினாள்.